கணக்கெடுப்புத் தாளா, கல்லறைக் கல்லா? ஒரு செக்–ஜெர்மன் ஊரின் வரலாற்றை எங்கே தொடங்குவது

ஹூஸ்டனிலிருந்து சான் அன்டோனியோவுக்குப் போகும் 10ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய பாதி வழியில் ஷூலன்பர்க் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், ஃபயட் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). சில மைல் சுற்றளவுக்குள் ஹை ஹில், டூபினா, பிராகா, அம்மான்ஸ்வில் என்று சிற்றூர்கள். பிராகா என்பது செக் தலைநகரின் பெயரேதான். டூபினா என்றால் செக் மொழியில் கருவாலி மரத்தோப்பு. ஹை ஹில்லில் ஜெர்மன் பேசியவர்கள், டூபினாவில் 1856இல் இன்றைய செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவிலிருந்து வந்த செக் குடும்பங்கள், இரண்டுக்கும் அருகில் 1873இல் ரயிலோடு பிறந்த ஷூலன்பர்க். இப்படிப்பட்ட ஓர் ஊரின் வரலாற்றை எழுத உட்காருபவருக்கு முதல் நாளே எழும் கேள்வி: எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது?

பெரும்பாலோர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்குகிறார்கள். வீட்டிலிருந்தபடி, காசில்லாமல், பெயரைத் தட்டினால் வந்துவிடும். செக்–ஜெர்மன் ஊர்களைப் பொறுத்தவரை அது தவறான தொடக்கம் என்பதே எங்கள் கருத்து. கணக்கெடுப்பு கெட்ட ஆவணம் என்பதல்ல. இந்த மக்களைப் பற்றி நாம் முதலில் அறிய விரும்பும் செய்தியான 'எந்த ஊரிலிருந்து, எந்த மொழியோடு வந்தார்கள்' என்பதில்தான் அது மிகவும் வழுக்குகிறது. தொடக்கத்தில் ஒட்டிக்கொண்ட பிழை கடைசி அத்தியாயம் வரை கூடவே வரும்.

காரணம் எளிது. 1918 வரை செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவும் மொராவியாவும் ஆஸ்திரிய ஆட்சிக்குள் இருந்தன. அங்கிருந்து வந்தவர் செக் பேசினாலும் ஜெர்மன் பேசினாலும் தாளில் 'ஆஸ்திரியா'தான். ஹை ஹில்லின் ஜெர்மன் கத்தோலிக்கக் குடும்பங்களில் பல மொராவியாவின் நோவி யிச்சீன் வட்டாரத்திலிருந்து வந்தவை. டூபினாவின் செக் குடும்பங்களும் அதே மலைச்சாரலைச் சேர்ந்தவையே. கணக்கெடுப்பாளர் இருவரையும் ஒரே சொல்லில் அடைப்பார். அடுத்த முறை வேறொருவர் வந்து அதே குடும்பத்துக்கு 'பொஹீமியா' என்பார், அதற்கடுத்தவர் 'ஜெர்மனி' என்பார். 1871 வரை ஜெர்மனி என்ற ஒன்றுபட்ட நாடே கிடையாது. அதனால் பிரஷ்யா, ஓல்டன்பர்க் என்று பழைய பெயர்களும் வரும். இந்தச் சொற்களை எண்ணிக் கூட்டி 'ஊரில் இத்தனை விழுக்காடு செக், இத்தனை விழுக்காடு ஜெர்மன்' என்று அட்டவணை போடுபவர்கள் உண்மையில் எண்ணுவது கணக்கெடுப்பாளர்களின் பழக்கத்தை.

ஆனாலும் எந்த ஆண்டின் கணக்கு எதற்குப் பயன்படும் என்று தெரிந்தால் அது நல்ல எலும்புக்கூடு. 1850க்கு முன் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். 1880இல்தான் தலைவருக்கு என்ன உறவு என்பதும் பெற்றோர் பிறந்த நாடும் முதன்முறையாக வருகின்றன. 1890க்கான தாள்கள் 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்துக்குப் பின் ஏறக்குறைய முழுவதும் இல்லாமல் போயின. இந்த ஊர்கள் வேகமாக வளர்ந்த பத்தாண்டுகளுக்கு நடுவில் 20 ஆண்டு ஓட்டை விழுவது அதனால்தான். 1900 மிகச் சிறந்தது: பிறந்த மாதமும் ஆண்டும், குடியேறிய ஆண்டு, எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை. 1910இல் தாய்மொழி கேட்கப்பட்டது. செக்கையும் ஜெர்மனையும் பிரித்துப் பார்க்க உருப்படியான முதல் கணக்கு அதுதான். 1920இல் போருக்குப் பின் எல்லைகள் மாறவிருந்ததால், ஆஸ்திரியா, ஜெர்மனி என்று சொல்பவர்களிடம் மாகாணம் அல்லது நகரத்தின் பெயரைக் கேட்டு எழுதச் சொன்னார்கள். 72 ஆண்டு கழித்தே தாள்களைத் திறக்கும் விதிப்படி 1950 வரையிலான தாள்கள் இப்போது திறந்திருக்கின்றன. ஆகவே கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டுமானால் 1910லிருந்து பின்னோக்கி 1900, 1880 என்று போங்கள். 1860லிருந்து முன்னோக்கி வந்தால் யார் எவர் என்றே பிடிபடாது.

கப்பல் பட்டியலைத் தேடி மாதங்களைச் செலவிடுபவர்களும் உண்டு. இந்த ஊர்களின் குடியேறிகளில் பெரும்பாலோர் ஜெர்மனியின் பிரேமன் துறைமுகத்தில் ஏறி டெக்சஸின் கால்வெஸ்டனில் இறங்கியவர்கள். பிரேமன் துறைமுகப் பட்டியல்களில் ஒரு பகுதியை இடமில்லை என்று அலுவலகமே அழித்தது. மிச்சத்தை இரண்டாம் உலகப்போர் அழித்தது. 1920க்குப் பிந்தையவை மட்டுமே கணிசமாகத் தப்பின. கால்வெஸ்டன் பக்கமோ 19ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களில் கிடைப்பவை துண்டுதுணுக்குகளே. பயணத்தின் இரு முனைகளும் இல்லை. விதிவிலக்கு ஹாம்பர்க்: 1850 முதல் 1934 வரையிலான அதன் பட்டியல்கள் பெரும்பாலும் தப்பியிருக்கின்றன, சொந்த ஊரும் எழுதப்பட்டிருக்கும். 1851இல் கிழக்கு பொஹீமியாவின் செர்ம்னா, நெபோமுகி பகுதியிலிருந்து புறப்பட்ட முதல் பெரிய கூட்டம் ஹாம்பர்க், லிவர்பூல், நியூ ஆர்லியன்ஸ் வழியாகவே டெக்சஸுக்கு வந்தது. உங்கள் குடும்பங்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை என்றால் ஹாம்பர்க்கைத் தேடுங்கள். இல்லையென்றால் கப்பலைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

அப்படியானால் முதலில் எது? கல்லறைத் தோட்டம். இது உணர்ச்சிக்காகச் சொல்வதல்ல. டெக்சஸ் செக் கல்லறைக் கற்களில் பிறந்த கிராமத்தின் பெயரையே பொறித்துவைக்கும் வழக்கம் இருந்தது. இந்த ஒரு செய்தி அமெரிக்க அரசின் எந்தத் தாளிலும் எளிதில் கிடைக்காது. நாற்பது சொற்கள் தெரிந்தால் கற்களைப் படித்துவிடலாம். செக்கில் 'ஸ்டே ஒட்போச்சீவா' என்றால் இங்கே இளைப்பாறுகிறார். 'நரோஸென்' பிறந்தான், 'நரோஸெனா' பிறந்தாள், 'ஸெம்ர்ஷெல்' இறந்தான், 'ஸெம்ர்ஷெலா' இறந்தாள், 'ரோஸெனா' இன்ன குடும்பத்தில் பிறந்தவள், அதாவது திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர். ஜெர்மன் கற்களில் 'ஹியர் ரூட்', 'கெபோரன்', 'கெஷ்டோர்பன்' என்று வரும். மாதங்களில் கவனம் வேண்டும். செக்கில் 'செர்வென்' ஜூன், 'செர்வெனெட்ஸ்' ஜூலை. கல் தேய்ந்து கடைசி எழுத்துகள் மறைந்திருந்தால் ஒரு மாதம் தவறிப்போகும்.

இன்னொரு பொறி ஊர்ப்பெயரின் வேற்றுமை உருபு. தமிழ் அறிந்தவருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை: 'மதுரையில் பிறந்தார்' என்ற கல்லைப் படித்துவிட்டு வரைபடத்தில் 'மதுரையில்' என்ற ஊரைத் தேடமாட்டோம். செக்கிலும் அப்படித்தான். 'வெ ஃப்ரென்ஷ்டாட்யே' என்றால் ஊர் ஃப்ரென்ஷ்டாட். 'வ் லிக்னோவ்யே' என்றால் லிக்னோவ். 'ஸ் ட்ரோயனோவிட்ஸ்' என்றால் ட்ரோயனோவிட்ஸே. அமெரிக்கக் குடும்ப மரங்களில் உருபோடு சேர்ந்த இந்தப் பெயர்கள் தனி ஊர்களாகவே நடமாடுகின்றன. உருபைக் கழித்த பிறகும் வேலை முடியாது. லிக்னோவ் என்று நோவி யிச்சீன் மாவட்டத்தில் ஒன்று, ப்ருன்டால் மாவட்டத்தில் ஒன்று. 'ல்ஹோட்டா' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான ஊர்கள். எனவே ஒரு கல்லை நம்பாமல், அதே தோட்டத்தில் பக்கத்தில் கிடக்கும் பத்துப் பதினைந்து கற்களின் ஊர்களை வரைபடத்தில் புள்ளி வையுங்கள். மக்கள் உற்றார் உறவினரோடு கூட்டமாகப் பெயர்ந்தவர்கள்; புள்ளிகள் ஒரு பள்ளத்தாக்கில் குவியும். குவியலுக்குள் விழும் லிக்னோவ்தான் பெரும்பாலும் உங்கள் லிக்னோவ்.

படமெடுக்கக் காலையோ மாலையோ போங்கள். வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து தானே எழும். இல்லையென்றால் ஒரு கண்ணாடியால் ஒளியைச் சாய்த்து அடியுங்கள். கம்பி பிரஷ், பிளீச், சுண்ணக்கட்டி, சவர நுரை எதுவும் கல்லில் படக்கூடாது. தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும், அதுவும் கல் உறுதியாக இருந்தால் மட்டும். ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று படம்: முழுக்கல், எழுத்து மட்டும், சுற்றியுள்ள வரிசை. மூன்றாவது படத்தைப் பலரும் எடுப்பதில்லை. யார் யாருக்கு அருகில் கிடக்கிறார் என்பது உறவைச் சொல்லும். அதற்காகத் திரும்பவும் அவ்வளவு தூரம் போக நேரும்.

கல்லுக்கு அடுத்தது பங்குப் பதிவேடு, அதாவது உள்ளூர்ச் சர்ச்சின் ஏடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று ஏடுகள். டெக்சஸில் பிறப்பு இறப்பை மாநிலம் பதியத் தொடங்கியது 1903இல். நாட்டுப்புறத்தில் அதன் பிறகும் பல ஆண்டுகளுக்குப் பல நிகழ்வுகள் பதிவாகவில்லை. அதற்கு முந்தைய தலைமுறைக்குப் பங்கு ஏடுதான் ஒரே சாட்சி. ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாய் தந்தையர் பெயர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் தாயின் உடன்பிறந்தவர்கள் அல்லது ஊர்க்காரர்கள். மாநிலச் சான்றிதழில் இந்தப் பகுதி கிடையாது.

இதிலும் சிக்கல் உண்டு. கத்தோலிக்க ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். ஆகவே ஒரே ஆள் மூன்று நான்கு பெயர்களில் உலவுவார். செக்கில் வாட்ஸ்லாவ், ஜெர்மனில் வென்ஸல், லத்தீனில் வென்செஸ்லாவுஸ், அமெரிக்காவில் பல வேளைகளில் ஜேம்ஸ். வோய்டெக் என்பவர் லத்தீனில் அடல்பெர்டுஸ், பிறகு ஆல்பர்ட். பெட்ரிக் என்பவர் ஃப்ரீட்ரிக், பிறகு ஃப்ரெட். ஜேம்ஸுக்கும் வாட்ஸ்லாவுக்கும் ஒலியில் எந்த ஒற்றுமையும் இல்லாததால் இரண்டு சகோதரர்கள் என்று எழுதிவிடுகிறார்கள். குடும்பப் பெயரும் அதை எழுதிய குருவின் மொழிக்கேற்ப மாறும். ஜெர்மன் குரு எழுதினால் செக்கின் 'ச்' ஒலி நான்கு எழுத்தாக நீளும், வகரம் இரட்டை வகரமாகும். ஆங்கில எழுத்தர் எழுதினால் செக் எழுத்துகளின் மேல் வரும் கொக்கி, கோடு எல்லாம் உதிரும். பெண்ணின் பெயரில் 'ஓவா' விகுதி வரலாம், வராமலும் போகலாம்.

எந்தச் சர்ச்சின் ஏடு எங்கே இருக்கிறது என்பதற்கு மறைமாவட்ட (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) வரலாறு தெரிய வேண்டும். ஷூலன்பர்க் பகுதி முதலில் கால்வெஸ்டனுக்கும், 1874 முதல் சான் அன்டோனியோவுக்கும், 1982 முதல் விக்டோரியாவுக்கும் உட்பட்டது. ஃபயட் கவுண்டியை ஊடறுக்கும் கொலராடோ ஆற்றின் மறுகரை ஆஸ்டின் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. தனியாகச் சர்ச் கட்டும் முன் ஓர் ஊர் பக்கத்து ஊரின் கிளைப் பங்காக இருந்திருக்கும். அந்த ஆண்டுகளுக்குத் தாய்ப் பங்கின் ஏட்டைத்தான் கேட்க வேண்டும். கடிதம் எழுதுவதென்றால் பெயர், ஏறக்குறைய ஆண்டு, பெற்றோர் பெயர், என்ன ஏடு என்று ஒரு கடிதத்தில் இரண்டு அல்லது மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். பங்கு அலுவலகத்தில் இருப்பவர் ஒருவராகவே இருப்பார். 'இந்தக் குடும்பத்தைப் பற்றி எல்லாம் அனுப்புங்கள்' என்ற கடிதத்துக்கு அவரால் என்ன செய்ய முடியும்?

எல்லோரும் கத்தோலிக்கர் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. ஜெர்மானியரில் லூத்தரன்கள் உண்டு. செக் சீர்திருத்தச் சபையினர் 1903இல் கிரேஞ்சர் ஊரில் ஒன்றுகூடித் தங்கள் சபையை அமைத்தார்கள். எந்தச் சர்ச்சிலும் சேராத சுதந்திரச் சிந்தனையாளர்களும் செக் மக்களிடையே கணிசம். இவர்களுக்குப் பங்கு ஏடு கைகொடுக்காது. பரஸ்பர உதவிச் சங்கங்களைப் பாருங்கள்: கத்தோலிக்கருக்கு 1889இல் தொடங்கிய கே.ஜே.டி., பிறருக்கு 1897இல் ஃபயட் கவுண்டியின் தலைமையிடமான லா கிரேஞ்சில் தொடங்கிய எஸ்.பி.ஜே.எஸ்.டி., ஜெர்மானியருக்கு ஹெர்மன் மைந்தர் சங்கம். காப்பீட்டுப் பயன் தந்த சங்கங்கள் இவை, ஆகவே வயது, உடல்நிலை, வாரிசு எல்லாம் எழுதி வாங்கினார்கள்.

பிறந்த கிராமம் தெரிந்துவிட்டால் கடல் தாண்டுவது எளிது. செக் வட்டார ஆவணக் காப்பகங்கள் பழைய பங்கு ஏடுகளைப் படமெடுத்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. வட மொராவியாவுக்கு ஓபவா, தென் மொராவியாவுக்கு ப்ர்னோ, கிழக்கு பொஹீமியாவுக்கு ஸாம்ர்ஸ்க், தென் பொஹீமியாவுக்கு ட்ரெபோன். ஊர்ப் பெயர் செக்கிலும் ஜெர்மனிலும் இருக்கும்: ஃப்ரென்ஷ்டாட் ஜெர்மனில் ஃப்ராங்க்ஷ்டாட், நோவி யிச்சீன் நொய்டிட்ஷைன், ப்ரீபோர் ஃப்ரைபெர்க். 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் வகுத்த கட்டம் போட்ட படிவம் வந்த பிறகு ஏடுகளைப் படிப்பது சுலபம். எந்தக் கட்டத்தில் என்ன என்று ஒரு முறை கற்றால் போதும். கையெழுத்து குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து வடிவம். எண் 7ஐ எழுதி அதனுடன் 'பெர்' ஒட்டியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை அல்ல. 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். லத்தீன் எண்ணுப்பெயர்களின் மிச்சம் அது.

இந்த ஏடுகளின் உண்மையான செல்வம் வீட்டு எண். 1770 வாக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுத்தார்கள், ஏட்டிலும் அதையே எழுதினார்கள். 1820களிலிருந்து வரைந்த நில அளவை வரைபடங்கள் 1க்கு 2,880 என்ற அளவில் ஒவ்வொரு வீட்டையும் காட்டுகின்றன. இரண்டையும் சேர்த்தால் டெக்சஸில் அடுத்தடுத்த பண்ணைகளில் உழுதவர்கள் மொராவியாவிலும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களா என்று பார்க்கலாம். ஊரின் வரலாற்றை எழுதுபவருக்கு இதைவிடச் சுவையான ஆய்வு குறைவு. ஒரு முன்னெச்சரிக்கை: ஜெர்மன் பேசிய கிராமங்களில் இன்று உறவினரைத் தேடிக் கடிதம் போட்டுப் பயனில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஏறக்குறைய 30 லட்சம் ஜெர்மானியர் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களின் வாரிசுகள் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது ஆட்களின் வரலாறு. ஊரின் வரலாறு வேறு. அதற்கு லா கிரேஞ்சில் இருக்கும் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்துக்குப் போக வேண்டும். 1891இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தைவிட அங்கே பதிவான கிரயப் பத்திரங்கள் பழையவை. கவுண்டி உருவானதே 1837இல். ஒருவரிடம் இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டையும் இங்கே செலவிடுங்கள் என்றுதான் சொல்வோம். கணக்கெடுப்பு, செய்தித்தாள், செக் ஏடுகள் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து படிக்கலாம். பத்திர ஏடுகளிலும் ஒரு பகுதி இணையத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் ஒரு பத்திரத்திலிருந்து அதன் தாய்ப்பத்திரத்துக்கும், அங்கிருந்து அடமானத்துக்கும், அங்கிருந்து உயிலுக்கும் தாவித் தாவிப் போவது ஏடுகள் அடுக்கியிருக்கும் அறையில்தான் வேகமாக நடக்கும்.

டெக்சஸ் தன் பொதுநிலத்தைத் தானே வைத்துக்கொண்ட மாநிலம். நெப்ராஸ்காவின் வில்பர் போன்ற செக் ஊர்களுக்கு குடியேறி உழுதவருக்குக் கூட்டாட்சி அரசு நிலம் தந்த ஹோம்ஸ்டெட் திட்டத்தின் வாஷிங்டன் கோப்புகளே சுரங்கம்: வீட்டின் அளவு, உழுத ஏக்கர், கிணறு, குடியுரிமைத் தாள் எல்லாம் அதில் இருக்கும். டெக்சஸில் அதைத் தேடிப் பயனில்லை. அரசு முதன்முதலில் நிலத்தை வழங்கிய மானியப் பதிவு ஆஸ்டினில் இருக்கும் பொது நில அலுவலகத்தில். அதன் பிறகு எல்லாம் கவுண்டியில். நம் ஆட்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசிய முந்தைய அமெரிக்க உரிமையாளர்களிடம் விலைக்கு வாங்கியவர்கள். அதனால் மானியத்தில் அவர்கள் பெயர் இருக்காது, கிரயத்தில் இருக்கும்.

தேடும் முறை நம்மூர் வில்லங்கம் பார்ப்பது போலத்தான். விற்றவர் அட்டவணை ஒன்று, வாங்கியவர் அட்டவணை ஒன்று. பழைய அட்டவணைகளில் முதலெழுத்து மட்டுமே வரிசை. அதற்குள் பதிவான தேதி வரிசையில் போகும். அதனால் ஓர் எழுத்தின் எல்லாப் பக்கங்களையும் விரல் வைத்துப் படிக்க வேண்டும். இன்றைய உரிமையாளரிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அளவு வாரா என்ற பழைய ஸ்பானிய அளவில் இருக்கும்: 36 வாரா 100 அடி. ஒரு லீக் ஏறக்குறைய 4,428 ஏக்கர், ஒரு லபோர் 177 ஏக்கர். எல்லை விவரத்தில் 'இன்னாரின் வடகிழக்கு மூலையில் தொடங்கி' என்று வரும். பக்கத்து நிலத்துக்காரர் பெயர் அதிலேயே இருக்கிறது. பத்துப் பதினைந்து பத்திரங்களைத் தாளில் வரைந்து ஒட்டினால் ஊரே விரிந்துவிடும். கடன் பாக்கிக்காக விற்றவர் வைத்துக்கொண்ட உரிமையைப் பின்னால் விடுவித்த பத்திரம் தனியாகப் பதிவாகியிருக்கும். அந்தத் தேதி குடும்பம் கடனை அடைத்த நாள். பருத்தி விலை சரிந்த ஆண்டுகளில் இந்த விடுதலைப் பத்திரங்கள் அருகிப்போகின்றனவா என்று பார்க்கலாம்.

பத்திர ஏட்டைப் படிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அதிலிருக்கும் கையெழுத்தை ஆளின் கையெழுத்து என்று நினைப்பது. ஏட்டில் இருப்பது எழுத்தர் பார்த்தெழுதிய நகல். பெயரின் எழுத்துக்கூட்டலும் அவருடையதே. 'இன்னார் இட்ட குறி' என்று பெருக்கல் அடையாளம் இருந்தால் படிப்பறியாதவர் என்று முடிவு கட்டாதீர்கள். செக்கிலோ ஜெர்மனிலோ நன்றாக எழுதக்கூடியவர் ஆங்கிலத் தாளில் குறி வைத்திருக்கலாம். இன்னொரு பக்கம், டெக்சஸ் சட்டப்படி திருமணமான பெண்ணைக் கணவரில்லாமல் தனியாக விசாரித்து ஒப்புதல் பதிய வேண்டியிருந்தது. மனைவியின் சொந்தப் பெயர் அதனால் கிடைக்கிறது. குடியுரிமைத் தாள்களில் அதுகூட இராது: 1922 வரை மனைவியின் குடியுரிமை கணவரோடு ஒட்டியது. 1906க்கு முந்தைய குடியுரிமைத் தாள்கள் பொதுவாகவே வறண்டவை. 'ஆஸ்திரியப் பேரரசருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன்' என்பதைச் செக்காரரும் சொன்னார், ஜெர்மானியரும் சொன்னார்.

ஷூலன்பர்க் ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்விக்கே பதில் பத்திரத்தில்தான் இருக்கிறது. கால்வெஸ்டன்–ஹாரிஸ்பர்க்–சான் அன்டோனியோ ரயில் நிறுவனம் 1873இல் கீஸையா கிரையர், லூயிஸ் ஷூலன்பர்க், கிறிஸ்டியன் பாம்கார்ட்டன் ஆகியோரிடமிருந்து நிலம் வாங்கியது. ரயில் ஹை ஹில்லைத் தொடாமல் தெற்கே போனது. ஹை ஹில்லின் கடைகள் ஒவ்வொன்றாக இங்கே நகர்ந்தன. எந்தக் கடை எந்த மாதம் நகர்ந்தது என்பதை மனைப் பத்திரங்களிலிருந்து வரிசைப்படுத்தலாம். அதோடு சான்பர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களை வைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 50 அடி அளவில், செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரம் மஞ்சள், கல் நீலம் என்று வண்ணம் தீட்டியவை. அடுத்தடுத்த பதிப்புகளில் மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறும் இடம், ஒரு கடைக்காரர் கைக்குப் பணம் வந்த இடம். ஆனால் இவை கடைத்தெருவுக்கே. பண்ணைகள் இதில் இல்லை.

செய்தித்தாள்களை நான்காவதாக வைக்கிறோம். மதிப்புக் குறைவு என்பதால் அல்ல; பெயர்களும் நிலமும் தெரியாமல் படித்தால் யாரைப் பற்றிய செய்தி என்றே புரியாது என்பதால். ஷூலன்பர்க்கின் ஆங்கிலத் தாள் 'ஸ்டிக்கர்' 1894இல் தொடங்கியது. லா கிரேஞ்சில் 1885இல் செக் மொழி 'ஸ்வோபோடா' தொடங்கியது. டூபினாவுக்குச் சிறுவனாக வந்து வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் உயர்ந்த அகஸ்டின் ஹைதுஷெக் அதன் ஆசிரியராக இருந்தார். வட டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டெக்சஸ் வரலாற்று வாயிலில் மாநிலத்தின் ஏராளமான தாள்களை இலவசமாகத் தேடலாம். ஆனால் தேடல் பெட்டியை நம்பி 'இல்லை' என்று முடிவு செய்யாதீர்கள். ஜெர்மன் தாள்கள் ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தில் வந்தவை. அதில் நீண்ட சகரத்தை இயந்திரம் ஃபகரமாகப் படிக்கும். செக்கில் கொக்கிகள் உதிர்ந்துபோகும், உருபேற்ற பெயர் வேறு சொல்லாகிவிடும். குடும்பப் பெயரின் நடு மூன்று நான்கு எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடுங்கள்; அல்லது கல்லறைக் கல்லின் தேதியை எடுத்துக்கொண்டு அடுத்த மூன்று இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். இரங்கல் குறிப்பு பெரும்பாலும் அங்கே இருக்கும். ஒரு மரணத்தைச் செக், ஜெர்மன், ஆங்கிலத் தாள்கள் மூன்றும் சொல்லியிருந்தால் மூன்றையும் படியுங்கள். ஆங்கிலத் தாள் நான்கு வரி போட்ட இடத்தில் சொந்த மொழித் தாள் பிறந்த ஊர், கப்பல், உடன்பிறந்தோர் எல்லாம் சொல்லும். 1917 அக்டோபருக்குப் பிந்தைய இதழ்களில் ஒரு கட்டுப்பாடு வேலை செய்கிறது: அந்நிய மொழித் தாள்கள் போர் பற்றிய செய்திகளின் மொழிபெயர்ப்பைத் தபால் அதிகாரியிடம் தர வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் தாளில் காணும் மௌனத்தை ஊரின் மௌனம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கொடுப்பதா, நாமே படிப்பதா? கற்களையும் கட்டம் போட்ட ஏடுகளையும் நீங்களே படியுங்கள். சில வாரங்களில் பழகிவிடும். கடிதம், நாட்குறிப்பு, சங்கக் கூட்டக் குறிப்பு ஆகியவற்றுக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள்கள் குர்ரென்ட்டைத் தொடர்ச்சியான உரையில் நன்றாகவே படிக்கின்றன, ஆனால் ஆட்பெயரிலும் ஊர்ப்பெயரிலும் சறுக்குகின்றன. நமக்குத் தேவையானவையோ அந்தப் பெயர்கள்தான்.

இந்த வரிசை எதற்கும் காத்திராத ஒன்று முதியவர்களின் நேர்காணல். டெக்சஸ் செக்கும் டெக்சஸ் ஜெர்மனும் வீட்டில் பேசி வளர்ந்த கடைசித் தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. மற்ற எல்லாம் அடுத்த ஆண்டும் அலமாரியில் இருக்கும். ஆகவே எந்தக் கட்டத்தில் இருந்தாலும் இதை உடனே செய்யுங்கள்: ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பழைய படங்களைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள், சுருக்கப்படாத ஒலிக்கோப்பாகப் பதியுங்கள், எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 'எப்போது' என்று கேட்டால் தடுமாறுவார்கள். 'அப்போது அந்த வயலில் யார் பருத்தி எடுத்தார்கள்' என்று கேட்டால் பத்துப் பெயர் வரும்.

அந்தக் கேள்விக்கான பதிலில் செக் பெயரும் ஜெர்மன் பெயரும் மட்டும் இருக்காது. ஃபயட் கவுண்டி குடியேறிகள் வருவதற்கு முன்பே அடிமை உழைப்பில் பருத்தி விளைந்த பூமி. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணைகளில் உரிமையாளரின் பெயரும், அவருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் எழுதிய வரிகளும் இருக்கும். அந்த மக்களின் பெயர்கள் முதன்முறை கணக்கெடுப்பில் வருவது 1870இல். அதற்கு முன் பெயரோடு தேடுவதென்றால் மீண்டும் அதே கவுண்டி அலுவலகம்தான். மனிதரை விற்ற பத்திரங்களும் இறந்தவரின் சொத்துப் பட்டியல்களும் நிலப் பத்திரங்களோடும் உயில்களோடும் அங்கே பதிவானவை. ஒரு செக் குடும்பம் வாங்கிய பண்ணையின் தாய்ப்பத்திரத்தைப் பின்தொடரும்போது, அதே முந்தைய உரிமையாளரின் பெயரை விற்றவர் அட்டவணையில் 1865 வரை முழுவதும் படியுங்கள். அந்த மண்ணை முதலில் உழுதவர்களின் பெயர்கள் அந்தப் பக்கங்களில் இருக்கக்கூடும்.